வியாழக்கிழமை மாத்திரை

12.12.2024, வியாழன்
இன்று பதினோரு வீட்டில் பிரஷர் பார்த்தேன். பத்துப் பேர் பரவாயில்லை. மாட்டுவண்டி ஓட்டும் கண்ணுசாமி மாமாவுக்கு மட்டும் 180/110. மில் திறந்தாயிற்று என்று கரும்பு ஏற்றக் கிளம்பிக்கொண்டிருந்தார். மாத்திரை போட்டீர்களா என்றால், தலைதான் சுத்தலையே, எதுக்குப் போடணும் என்கிறார். போன வருடம் இதே பேச்சைப் பேசிய அவர் தம்பிக்குத்தான் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. எனக்கு வந்ததே கோபம்! தெருவே கேட்கத் திட்டிவிட்டு வந்தேன்.

19.12.2024, வியாழன்
மாமாவுக்கு 150/94. திட்டினால்தான் வேலை நடக்கிறது.

28.12.2024, சனி
வீடு வீடாகப் போகும் எங்களைப் போன்ற சுகாதாரப் பணியாளர்களுக்குக் கள்ளக்குறிச்சியில் பயிற்சி. அறிவுரை சொல்லாதீர்கள், கேளுங்கள் என்கிறார் பயிற்சி தரும் மணிமொழி மேடம். மாத்திரை ஏன் வேண்டும் என்பது நோயாளிகள் வாயாலேயே வரவேண்டுமாம். ஜோடி ஜோடியாக நடித்துக் காட்டச் சொன்னார். இரண்டாவது நிமிடமே நான், “உப்பைக் குறைங்க” என்று ஆரம்பித்துவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். வாயை மூடிக்கொண்டு கேட்பதெல்லாம் எனக்கு ஆகிற காரியமா? மதியம் சாம்பார் சாதம் நன்றாக இருந்தது.

6.1.2025, திங்கள்
வேறு வேலையாக அந்தத் தெருப் பக்கம் போனேன். மாமா வீட்டில் இருந்தார். சும்மா பட்டையைக் கட்டிப் பார்த்தால் — 176/108! அவர் மனைவி ராஜாம்பாள் அத்தைதான் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். மாத்திரை புதன் ராத்திரி ஒன்று, வியாழன் காலையில் ஒன்று. நான் வருகிற நாளுக்கு மட்டும். மற்ற நாளில் கிடையாது.

“நீ திட்டுவியேன்னுதாம்மா” என்றார் மாமா.

மூன்று வாரமாக நோட்டில் நான் எழுதியதெல்லாம் என் வாய்க்குப் பயந்த பிரஷர். அந்த மனுஷனுக்கு ஏதாவது ஆகியிருந்தால்? வீட்டுக்கு வந்து அழுதேன்.

9.1.2025, வியாழன்
திட்டவில்லை. இந்த சீசனில் உங்களுக்கு எது முக்கியம் மாமா என்று மட்டும் கேட்டேன். மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றார். எனக்கோ வாய் துறுதுறு என்கிறது. பிறகு தம்பியைப் பற்றிச் சொன்னார். தம்பியின் மாட்டை இப்போது வேறு யாரோ ஓட்டுகிறார்களாம்.

“எம்மாட்ட எவங்கையிலயும் குடுக்க மாட்டேன். நானேதான் ஓட்டணும்.”

அதற்கு என்ன செய்யலாம் என்று தோன்றுகிறது என்றேன். மாட்டுக்குத் தவிடு கரைக்காமல் ஒரு நாளும் விடிந்ததில்லை, மாத்திரையைத் தவிட்டு டப்பா மேலேயே வைத்துவிட்டால் என்ன என்று அவரே கேட்டார். வைத்துப் பாருங்கள் என்றேன். அவர் தினமும் தின்கிற உப்புக் கருவாட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை நான். என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

16.1.2025, வியாழன்
158/98. பொங்கல் கூட்டத்தில் இரண்டு நாள் மறந்துவிட்டதாக அவரே சொன்னார். மறைக்காமல் சொன்னாரே, அதுவே எனக்குச் சந்தோஷம்.

13.2.2025, வியாழன்
142/88. கருவாடு இனி வாரத்துக்கு ஒரு நாள்தானாம். நான் கேட்கவே இல்லை!

26.2.2025, புதன்
கல்வராயன் மலையில் அண்ணன் மகளுக்குக் காதுகுத்து. நாளைக்கு வீடுகளுக்குப் போகமுடியாது. பஸ் மலை ஏறின பிறகுதான் நினைவு வருகிறது, மாமாவுக்கு இன்றோடு மாத்திரை தீர்கிறது. சொல்லாமல் வந்துவிட்டேனே. பழையபடி ஆகிவிடுவாரோ? இங்கே போனில் சிக்னலும் இல்லை.

3.3.2025, திங்கள்
காலையில் முதல் வேலையாகத் துணை சுகாதார நிலையத்துக்கு ஓடினேன். ரிஜிஸ்டரில் நர்ஸ் ராணியம்மாள் கையெழுத்து. 27-ஆம் தேதி, கண்ணுசாமி, 134/84, மாத்திரை முப்பது. மில்லில் வண்டியைக் காலி செய்துவிட்டு, அவராகவே வந்து நின்றாராம்.

சாயங்காலம் வண்டியோடு எதிரே வந்தார். நான் இல்லாத நாள் பார்த்து வந்தீர்களாமே என்றேன்.

“பின்ன? உனக்காவவா மாத்திர போட்டுக்கினு இருக்கேன்?” என்று மாட்டைத் தட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்.