என்னைச் சுமந்து பதக்கம் வாங்கியவருக்கு

நேற்று ஈப்போவில் சப்பாத்து தைக்கும் கடையோரம் நின்றிருந்தேன். கடைக்காரர் கறுப்பு பாலிஷ் டப்பாவைத் திறந்தார். வாசம் மூக்கில் ஏறியதும் நீங்கள் நினைவுக்கு வந்தீர்கள். எரிச்சலும் கூடவே வந்தது. பதக்கத்தைக் குத்திக்கொண்டு எந்த விழாவுக்குப் புறப்பட்டாலும் பூட்ஸை முகம் தெரியத் தேய்ப்பவரல்லவா நீங்கள்.

அண்ணே என்றே எழுதுகிறேன். தோட்டத்தில் பழகிய வாய், மாறாது. மரியாதைதான் எப்போதோ போய்விட்டது.

ஹுத்தான் மெலிந்தாங் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து இருவரும் ஒன்றாகத்தான் பட்டாளத்தில் சேர்ந்தோம். கிரிக் காட்டில் ரோந்து போன அன்று கண்ணிவெடியில் என் வலது பாதம் போனது. மேட்டிலிருந்து கம்யூனிஸ்டுகள் சுட்டுக்கொண்டே இருந்தார்கள். மற்றவர்கள் பதுங்கிக் கிடக்க, நீங்கள் ஒருவர்தான் ஓடி வந்தீர்கள். என்னை முதுகில் போட்டுக்கொண்டு ஆற்றைக் கடந்து முகாம் வரை நடந்தீர்கள். வீரப் பதக்கம் உங்களுக்குத் தகும். அதில் எனக்கு வழக்கே இல்லை.

அந்த ஒரு நாளை வாழ்நாள் முழுக்க விற்றீர்களே, அதுதான் வழக்கு. நான் செயற்கைக் காலோடு ஜெலாப்பாங் தொழிற்சாலையில் காவல் வேலைக்குப் போனேன். நீங்கள் மேடைக்குப் போனீர்கள். கோயில் திருவிழா, பள்ளிப் பரிசளிப்பு, தேர்தல் கூட்டம் என்று யார் மாலை எடுத்தாலும் கழுத்தை நீட்டினீர்கள். பேச்சின் முடிவில் கூட்டத்தில் என்னைத் தேடுவீர்கள்.

"எழும்புடா, காலக் காட்டு!"

நான் எழுந்து சிலுவாரை முழங்கால்வரை சுருட்டிக் காட்டுவேன். உயிரைக் காத்தவர் கேட்கிறார், எப்படி மறுப்பது? அப்படி நின்ற என்னையும் எனக்குப் பிடிக்கவில்லை.

என் மகள் கல்யாணத்தில் நீங்களாகவே மைக்கைப் பிடுங்கினீர்கள். சம்பந்தி வீட்டார் முன்வரிசையில் இருந்தார்கள்.

"இவன் அன்னிக்கு என் முதுகுல சின்னப் புள்ள மாரி ஒண்ணுக்குப் போயிட்டான்லா!"

மண்டபமே சிரித்தது. போனேன்தான். பாதம் பிய்ந்து தொங்கியவனுக்கு அதெல்லாம் தெரியுமா?

"போதும்ணே, எறங்குங்க" என்றேன்.

"நான் இல்லாட்டி இந்தப் பொண்ணே பொறந்திருக்காதுடா!"

 மகள் மணவறையிலிருந்து எழுந்து வந்து மைக்கை வாங்கினாள். "பெரியப்பா, எங்கப்பாவக் காப்பாத்துனீங்க, நன்றி. சாப்பாடு ரெடியா இருக்கு, சாப்பிட்டுட்டுப் போங்க" என்றாள். நீங்கள் சாப்பிட்டீர்கள். இரண்டு முறை பாயசம் கேட்டீர்கள். அன்றோடு உங்களிடம் பேச்சை நிறுத்தினேன்.

போன மாதம் உங்கள் சாவுக்கு வந்தேன். வேட்டி கசங்காத தலைவர்கள் பெட்டியைச் சுற்றி நின்றார்கள். உங்கள் மகன் என்னிடம் ஓடி வந்தான். "அங்கிள், பேப்பர்காரங்க வந்திருக்காங்க. கொஞ்சம் காலக் காட்டுறீங்களா?"

அப்பனுக்குத் தப்பாமல் பிறந்திருக்கிறான். "முடியாதுப்பா" என்றேன். வாழ்க்கையில் முதல் தடவை.

ஆனாலும் வரிசையில் நின்று உங்கள் காலைத் தொட்டேன். அன்று ஆற்றங்கரையில் மூச்சு வாங்க என்னைக் கீழே இறக்கினீர்கள். விட்டுவிட்டுப் போகப்போகிறீர்கள் என்று உங்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். "பயப்படாதடா, நான் போமாட்டேன்" என்றீர்கள். அப்போது அங்கே கைதட்ட ஒருவருமில்லை. அந்த ஆளை மட்டும் இன்னும் வைத்திருக்கிறேன். மேடையில் நின்றவரை உங்கள் மகனே வைத்துக்கொள்ளட்டும்.