சூடேறினால் கூடும் கரண்ட்

வேல்விழி தாத்தாவுக்குப் பேச்சி எழுதுவது. நானும் நம் பேத்தியும் சுகம். உங்கள் முட்டுவலி தேவலையா?

ஒரகடத்தில் அவள் வேலை பார்க்கும் கம்பெனி கேன்டீனில்தானே நானும் பரிமாறுகிறேன், போன வாரம் ஒரு வேடிக்கை. அலுமினியம் கலந்த புது உலோகம் ஒன்றை அவளிடம் சோதிக்கக் கொடுத்தார்கள். மற்ற உலோகம் சூடேறினால் கரண்ட் குறைந்து ஓடுமாம். இதில் கூடுகிறது என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள். சூப்பர்வைசர் பாபு எல்லார் முன்னாலும், “இன்னாம்மா, தூங்கிக்கினே அளந்தியா? வேலை நிரந்தரம் ஆவணுமா, வாணாமா?” என்று கேட்டுவிட்டார். பிள்ளை அன்று சாப்பிடவில்லை. அதிலிருந்து அவர் தட்டில் நான் அப்பளம் வைக்கவில்லை.

நேற்று ஆபீசர்களே நின்று மறுபடி அளந்தார்கள். அந்த உலோகத்தின் குணமே அப்படித்தானாம். “ஆயா, உன் பேத்தி சொன்னது கரீட்டு” என்று பாபு தட்டை நீட்டினார்.

“எங்கிட்ட எதுக்குய்யா? ஏசுன எடத்துல போயிச் சொல்லுங்க” என்றேன்.

போய்ச் சொன்னார். அவள் வேலையும் நிரந்தரமாகிவிட்டது. இன்று அப்பளம் வைத்தேன், உடைந்ததாகப் பார்த்து.

சுண்டை வற்றல் அனுப்பும்போது உங்கள் பழைய துண்டு ஒன்றும் வையுங்கள். சட்டி இறக்க இங்கே நல்ல துணி இல்லை. துவைக்க வேண்டாம், அப்படியே அனுப்புங்கள்.

வீட்டுக்குத் திரும்பக் கம்பெனி பஸ் வந்துவிட்டது.

பேச்சி