இரட்டைக் கூலி

மார்ச் 4
வந்து சேர்ந்துவிட்டோம். திராட்சைத் தோட்டத்தில் இருவருக்கும் வேலை. கூலி, ஊரில் வாங்கியதைப் போல இரண்டு மடங்கு. என் வீட்டுக்காரர் முகத்தில் சிரிப்பு அடங்கவில்லை. தங்குவதற்கு ஒரே அறை, நடுவில் திரை. அந்தப் பக்கம் டிராக்டர்காரரும் அவர் மனைவியும். டிராக்டர்காரர் குறட்டைக்கு மட்டும் வாடகை இல்லை.

மார்ச் 30
சம்பளம் வந்தது. வாடகை, விலைக்கு வாங்கும் தண்ணீர், தோட்டத்து வேன் — எல்லாம் போக மிஞ்சியதை இருவரும் மாற்றி மாற்றி எண்ணிப் பார்த்தோம். நாத்தனார் ஊரிலிருந்து கூப்பிட்டாள். "என்ன அண்ணி, பணத்த எங்க வைக்கறதுன்னு முழிக்கறீங்களா?" ஆமாம் என்றேன். எங்கள் கூலியில் பாதிதான் அவளுக்கு. பேசிக்கொண்டே முட்டை பொரித்துக்கொண்டிருந்தாள், சத்தம் கேட்டது.

ஏப்ரல் 17
பூச்சிமருந்து அடித்தால் கூடுதல் கூலியாம். பெயரைக் கொடுத்துவிட்டு வந்துதான் என்னிடம் சொல்கிறார். கண்ணுக்குப் போடக் கண்ணாடி கேட்டதற்கு மேஸ்திரி, "வேணும்னா வாங்கிக்கோ" என்றாராம். கடைக்குப் போனோம். விலையைக் கேட்டோம். திரும்பிவிட்டோம்.

மே 9
மருந்துக் குழாய் பிய்த்துக்கொண்டு அவர் முகத்தில் அடித்துவிட்டது. இரண்டு கண்ணும் வீங்கிக் கிடக்கிறது. டாக்டரிடம் போகலாம் என்றால், "கூலி போயிடும், ஃபீஸ் வேற. தண்ணி ஊத்து, சரியாயிடும்" என்கிறார். ஊற்றினேன். காசு கொடுத்து வாங்கின தண்ணி ஆச்சேன்னு கையை அடக்கித்தான் ஊத்தினேன்.

மே 10
நான் ஏன் அவரை இழுத்துக்கிட்டுப் போகல?

மே 13
"அன்னிக்கே வந்திருக்கணும்மா" என்றார் டாக்டர். இனி வெளிச்சம் மட்டும்தான் தெரியுமாம்.

ஜூன் 2
மூட்டை கட்டுகிறேன். திரைக்கு அந்தப் பக்கத்து அக்கா கூடவே மடித்துக் கொடுத்தாள். "உங்க ஊர்ல கூலி என்ன?" சொன்னேன். "அவ்வளவுதானா?" என்று முகத்தைச் சுளித்தாள். நானும் அப்படித்தான் சுளித்தேன், போன வருஷம்.

ஆகஸ்ட் 21
நாத்தனார் வீட்டுக்கு அடுத்த வீடு. வெங்காய வயலில் எனக்கு மட்டும் வேலை, பழைய பாதிக் கூலிக்கு. ஒருத்தி சம்பாத்தியம். அதிலேயே வாடகை கொடுத்து, மளிகை வாங்கி, இன்று மீனும் வாங்கிவிட்டேன்.

பையை மடியில் வைத்துத் தடவிப் பார்த்தார்.

"செவுள் சிவப்பா இருக்கா?"

"நல்ல சிவப்பு."

"சிவப்பு" என்று தனக்குள் ஒருமுறை சொல்லிக்கொண்டார்.