ஐந்தாவது குழாய்

ஜூன் 4, செவ்வாய்

காட்டோரப் புல்வெளியிலிருந்து உண்ணிகள் வந்து சேர்ந்தன. மொத்தம் ஐம்பது. எங்கள் ஆய்வகத்துக்கு உண்ணி பிடித்துத் தருபவரைத் துணிக்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறோம். வெள்ளைத் துணியைப் புல்லின் மேல் இழுத்துக்கொண்டே நடப்பார். துணியில் ஏறுவதை இடுக்கியால் எடுத்துக் குப்பியில் போடுவார். பன்னிரண்டு வருடமாக இதே வேலை.

"புல்லுல நாப்பத்தொம்பதுதான் மேடம் கிடைச்சுது. ஒண்ணு முந்தாநேத்தே என் இடுப்புல ஏறிக் கடிச்சிட்டிருந்துச்சு. அதையும் பிடிச்சுப் போட்டுக் கணக்க நேராக்கிட்டேன்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். குழாய்க்குப் பத்து வீதம் ஐந்து குழாய். இடுப்பு உண்ணி கடைசிக் குழாயில் போனது.

ஜூன் 6, வியாழன்

ஐந்தாவது குழாயில் கோடு.

உண்ணிக் காய்ச்சலை உண்டாக்கும் பாக்டீரியாவின் மரபணு இருந்தால் மட்டும் விழும் கோடு. மங்கல்கூட இல்லை, பளிச்சென்று. மற்ற நான்கும் சுத்தம். வெறும் தண்ணீர் வைத்து ஓட்டிய குழாயும் சுத்தம். அப்படியானால் என் கைபட்டு வந்த அழுக்கு இல்லை. இல்லைதானே?

இயக்குநரிடம் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். "ஒரு தடவ வந்தா அது சந்தேகம்தான். திரும்பவும் வரட்டும், அப்புறம் பேசலாம். போன வருஷம் நாம வாங்கிக் கட்டிக்கிட்டது போதும். அதுவரைக்கும் வெளிய மூச்சு விடாதீங்க."

போன வருடம் சோதனை தப்பாகி, ஒரு மாட்டுப் பண்ணையை மூன்று வாரம் மூடவைத்தோம். 'நாம' என்கிறார். அது நான்தான் என்று இருவருக்கும் தெரியும்.

மறுபடி சோதனை ஓட்ட ரசாயனம் இல்லை. திங்கட்கிழமை வருமாம்.

ஜூன் 7, வெள்ளி

மாடிப்படியில் துணிக்காரர். "உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்டேன். "எனக்கென்ன மேடம், கல்லு மாதிரி இருக்கேன்." அவ்வளவுதான். அவர் கீழே போனார், நான் மேலே வந்தேன்.

ஜூன் 10, திங்கள்

ரசாயனம் வரவில்லை. துணிக்காரரும் வரவில்லை. காய்ச்சலாம்.

வெயிலில் அலைகிறவருக்குக் காய்ச்சல் வராதா என்ன.

ஜூன் 11, செவ்வாய்

அக்காவும் நானும் ஒரே வீட்டில் இருக்கிறோம். அவள் பெரிய ஆஸ்பத்திரியில் காய்ச்சல் வார்டு நர்ஸ். சாயங்காலம் வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னாள்: "உங்க துணிக்காரரு என் வார்டுலதான் இருக்காரு, தெரியுமா? டெங்குன்னு பாக்கறாங்க. ஆனா டெஸ்டுல ஒண்ணும் வரல. மனுஷன் அனலாக் கொதிக்கிறாரு."

நான் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். கழுவி வைத்த தட்டையே எடுத்து மறுபடியும் கழுவினேன்.

சொல்லியிருக்கலாம். பக்கத்தில்தான் நின்றாள். கை நீட்டினால் தொடலாம். சொல்லி, இதுவும் தப்பாகிவிட்டால்? வேலை போகும், பேரும் போகும் — இப்படி யோசித்துக்கொண்டு நின்றேன், அவர் அங்கே கொதித்துக்கொண்டு கிடக்க.

ஜூன் 12, புதன்

ரசாயனம் வந்தது. ஓட்டினேன். அதே குழாய், அதே கோடு.

இயக்குநர்: "நல்லது. மரபணு வரிசை படிக்க அனுப்பிடுங்க. ஒரு வாரத்துல எந்தக் கிருமின்னு அவங்களே சொல்லிடுவாங்க."

நல்லதாம். ஒரு வாரமாம்!

வீட்டுக்கு ஓடி வந்தேன். அக்கா அப்போதுதான் வேலை முடிந்து வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"எப்ப பாத்த?"

"போன வியாழக்கிழமை."

"நேத்து நான் சொன்னப்ப வாயில என்னடி வெச்சிருந்த?"

ஒரு காலில் ஷூவோடு போனை எடுத்து வார்டு டாக்டரிடம் பேசினாள். அரை மணி நேரத்தில் மருந்தை மாற்றிவிட்டார்கள். அபூர்வ மருந்து ஒன்றும் இல்லை. எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கிற மாத்திரை. ஆரம்பத்திலேயே கொடுத்தால் மூன்று நாளில் ஆள் எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

ஜூன் 13, வியாழன்

போய்ப் பார்த்தேன். உள்ளங்கையெல்லாம் சிவப்புப் புள்ளி. சிறுநீர் பிரியவில்லை. என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

ஜூன் 14, வெள்ளி

காலை பத்து மணிக்குப் போய்விட்டார்.

ஜூன் 19, புதன்

வரிசை வந்தது. உண்ணியில் இருந்ததும், ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிய அவர் ரத்தத்தில் இருந்ததும் எழுத்துக்கு எழுத்து ஒன்று. என் சோதனை சரி. இதைவிடக் கேவலமாக ஒருத்தி சரியாக இருக்க முடியுமா?

இயக்குநர் அறிக்கை தயாரித்து வைத்திருந்தார். 'கண்டறியப்பட்ட நாள்: ஜூன் 12.' ஏன் என்று கேட்டேன். "உறுதியான தேதியத்தான் போடணும். அதான் முறை." கையெழுத்துப் போட்டேன்.

ஜூன் 24, திங்கள்

துணிக்காரரின் மனைவி அவர் சாமான்களை எடுக்க வந்தார். நான்தான் அலமாரியைத் திறந்துவிட்டேன். ரப்பர் பூட்ஸ், தொப்பி, ஒரு பழைய சட்டை. பையில் அடுக்கிக்கொண்டே கேட்டார்:

"அந்தப் பூச்சியில நோய் இருக்குன்னு உங்களுக்கு எப்ப தெரிஞ்சுது மேடம்?"

நாக்கு நுனியில் பன்னிரண்டு இருந்தது.

"ஆறாம் தேதி" என்றேன்.

அடுக்குவதை நிறுத்திவிட்டு யோசித்தார்.

"ஆறாம் தேதி அவருக்குக் காய்ச்சலே இல்லையே. சின்னவளுக்கு சைக்கிள் பழக்கறேன்னு தெரு முழுக்கப் பிடிச்சுக்கிட்டு ஓடினாரு."

திட்டட்டும் என்று நின்றேன். திட்டவில்லை. பையைத் தூக்கியபோது ஒரு பூட்ஸ் கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தேன்.

"விடுங்க. நான் எடுத்துக்கறேன்."

ஜூன் 26, புதன்

சுகாதாரத் துறைக்குக் கடிதம் எழுதினேன். இரண்டு சோதனைத் தேதிகளும், அறிக்கையில் இருப்பது இரண்டாவது தேதி என்பதும், தெரிந்தே அதில் நான் கையெழுத்திட்டதும். ஒரு நகல் துணிக்காரரின் மனைவிக்கு. வேலை இருக்காது. இருக்கவும் வேண்டாம்.

எல்லாவற்றையும் கொட்டிய அந்தப் புதன்கிழமைக்குப் பிறகு அக்கா என்னோடு தேவைக்கு மேல் பேசுவதில்லை. கடிதத்தை நின்றபடியே படித்தாள்.

"'ஏற்பட்ட தாமதத்தால்'னு எழுதியிருக்க. தானா ஏற்பட்டுச்சா?"

பேனாவை எடுத்து 'ஏற்பட்ட' என்பதை அடித்தேன். மேலே 'நான் செய்த' என்று எழுதினேன்.

அக்கா வாங்கி, மடித்து, உறையில் போட்டு ஒட்டினாள்.