குங்குமம் வைத்த ஸ்பீக்கர்

ஐப்பசி, ஞாயிறு

ஆயுத பூஜைக்குப் பிறகு என் ஹார்ன் ஸ்பீக்கர் பெட்டி இரண்டிலும் பேஸ், அந்தக் கனமான அடிச்சத்தம், சுத்தமாகப் போய்விட்டது. பாட்டு காதைக் கிழித்தது. தபேலா தகர டப்பா மாதிரி கேட்டது. பெட்டிகளை மூலைக்குத் தள்ளிப் பார்த்தேன். ஆம்ப்ளிஃபையரைத் திட்டினேன். ஆவடியில் தனி பேஸ் பெட்டிக்குக்கூட விசாரித்துவிட்டேன்.

இன்று சாயந்திரம்தான் இடது பெட்டியின் பின்னால் எட்டிப் பார்த்தேன். சிவப்பு ஒயரும் கறுப்பு ஒயரும் இடம் மாறியிருந்தன. அப்படி இருந்தால் ஒரு பெட்டி காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கும், பேஸ் செத்துப்போகும். ஒயர்களுக்குப் பக்கத்திலேயே ஒரு குங்குமப் பொட்டு. பூஜைக்காகக் கழற்றித் துடைத்து, பொட்டு வைத்து, திரும்ப மாட்டியது என் மனைவி செல்விதான்.

சத்தமில்லாமல் சரியாக மாட்டிப் பாட்டைப் போட்டேன். அடுக்களையில் தட்டுகள் அதிர்ந்தன. செல்வி கரண்டியோடு ஓடி வந்தாள்.

"இன்னாய்யா பண்ண? ஊடே குலுங்குது!"

"ஸ்க்ரூ லூசா இருந்துச்சு. டைட் பண்ணேன்."

"உன் பாட்டு சரியாவணும்னு அம்மனுக்கு வேண்டிக்கினேன்யா. நாளைக்கே தேங்கா ஒடைக்கணும்."

அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

பெரிய தேங்காயாகப் பார்த்து வாங்க வேண்டும். அந்தப் பொட்டை நான் துடைக்கவில்லை.