பதினொரு கப்பல்

1943 ஆவணி, செவ்வாய் இரவு

தொடைக் கட்டியை அறுத்த நாளிலிருந்து, மருந்து கட்டுவதென்றால் மகள் பூமணிக்கு உயிர் போகிறது. ஐந்து வயது. காயத்துக்குள் வைத்த துணியை நேர்ஸ் இழுக்கும்போது அவள் போடும் சத்தம் வார்டு முழுக்கக் கேட்கும். முந்தநாள், வேறு வழி தெரியாமல், ஜன்னலைக் காட்டி, "அங்க பார், துறைமுகத்தில எத்தனை கப்பல் நிக்குது? எண்ணு பார்ப்பம்" என்றேன். எண்ணினாள். ஏழாவது கப்பலைத் தாண்டுவதற்குள் துணி வெளியே வந்துவிட்டது. அழவேயில்லை. "இது நல்ல மருந்து" என்று நேர்ஸும் சிரித்தா.

இன்று இவர் கடற்படைக் கந்தோரில் வேலை முடிந்து நேரே வார்டுக்கு வந்தார். பக்கத்துக் கட்டிலடியில் ஒரு பொலிஸ்காரர் நின்றார். பூமணி உரத்த குரலில், "அப்பா, நேற்று ஒன்பது, இண்டைக்குப் பதினொண்டு! பெரிசு ரெண்டு!" என்றாள். பொலிஸ்காரர் திரும்பிப் பார்த்தார். இவருக்கு முகம் வெளுத்துவிட்டது. என்னை வெளியே கூப்பிட்டு, "நீர் படிச்சனீர்தானே? சண்டை நேரத்தில கப்பல் கணக்கு வெளியில போனால் வேலை மட்டுமே போகும்? என்னையும் கொண்டு போவாங்கள்" என்றார்.

"அவளுக்கு நோகுது. நான் வேற என்ன செய்யிறது?"

இவர் பொலிஸ்காரர் நின்ற பக்கம் ஒருக்கால் எட்டிப் பார்த்தார்.

கட்டிலைச் சுவர்ப் பக்கம் திருப்பும்படி நேர்ஸிடம் சொன்னேன். இனி எண்ணக்கூடாது என்று அவளிடமும் சொன்னேன். தலையாட்டினாள். பிறகு, "பார்க்கத் தேவையில்லை அம்மா, கண்ணை மூடினாலும் தெரியுது" என்று விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள்.

நாளைக் காலை எட்டு மணிக்கு நேர்ஸ் மருந்து கட்ட வருவா. பூமணி வாய்விட்டு எண்ணத் தொடங்கினால் நான் அவள் வாயைப் பொத்த வேண்டும். பொத்தினால் அந்த நோவை அவள் எங்கே கொண்டுபோய் வைப்பாள்?