சோடிக்கு ஆள் வரும்வரை

என் அன்புச் சோடி நஸீரா,

நீ மௌத்தான பிறகு வருகிற முதல் மாரி இது. மழை பிடித்தவுடன் உனக்கு ஃபோனில் கோல் எடுக்க இப்போதும் கை போகிறது. பிறகுதான் நீ இல்லை என்று ஞாபகம் வருகிறது. அந்த நேரம்தான் பொல்லாதது.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் பாலர் பாடசாலையில் பழைய பிள்ளைகள் கூடினோம். துறைமுகத்தடியில் அதே ஓட்டுக் கட்டடம், அதே குட்டிக் கதிரைகள். எங்கள் வகுப்புச் சுதனை உனக்குத் தெரியும்தானே, சொன்னால் கேட்கிற ஆளில்லை. ஒரு கதிரையில் இருந்து பார்த்தான், எழும்பும்போது கதிரையும் சேர்ந்து எழும்பியது. எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்துக்கொண்டு பக்கத்தில் திரும்பினேன், உன்னைத் தேடி.

பிறகு ஆளாளுக்குக் கதை. கூடுதலாகச் சோடிக் கதைதான். ரீச்சர் எங்களை இரண்டு இரண்டு பேராகச் சேர்த்துவிட்டிருந்தாவே, இரண்டு பேருக்கும் வீட்டிலிருந்து ஆள் வந்தால்தான் இரண்டு பேரும் வெளியே போகலாம் என்று. சண்டையும் பிரச்சினையுமாக இருந்த காலத்தில் ஒரு பிள்ளையும் தனியே நிற்கக்கூடாது என்பதற்காகத்தான் அந்தச் சட்டம் என்று இப்போதுதான் விளங்குகிறது. அப்போது எங்களுக்கு, அம்மாமார் வெயிலில் நின்று முணுமுணுத்தது மட்டும்தான் தெரியும்.

உன் மகள் ஷிபானாவையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். உம்மாவின் சின்ன வயதுக் கதைகளைக் கேட்க ஆசை என்றாள். நல்லதென்று நினைத்துத்தான் செய்தேன்.

சுதன் அவளிடம் சொன்னான்: "உங்கட உம்மாட வாப்பா சைக்கிள்ல வருவார் மகள். எங்கள் எல்லாருக்கும் வறுத்த கச்சான் கொட்டை தருவார். அவர் வந்தா நாங்க ஒருத்தரும் வீட்ட போகமாட்டம்."

பிள்ளையின் முகம் மாறிவிட்டது. என்னிடம் வந்து மெல்லக் கேட்டாள். "அன்ரி, உம்மா கைப்பிள்ளையா இருக்கக்குள்ளயே அவட வாப்பா மௌத்தெண்டுதானே சொன்னா? அவர்ட முகமே தெரியாதெண்டு."

"பிறகு கதைப்பம் மகள்" என்றேன்.

ஏன் நஸீரா அப்படிச் சொன்னாய்? முகமே தெரியாது என்றால் மேற்கொண்டு ஒருவரும் கேட்கமாட்டார்கள் என்றா? மீன் சந்தைக்குப் போன உன் வாப்பா எங்கே போனார், ஆர் கொண்டுபோனது, அடக்க மையித்தாவது கிடைத்ததா என்று பிள்ளை கேட்டால், சொல்ல உன்னிடம் ஒன்றுமே இருக்கவில்லை. அது எனக்கு விளங்குகிறது. விளங்கினாலும் மனம் கேட்குதில்லை.

அவர் காணாமல் போன அன்றைக்கு என் அம்மா நேரத்தோடு வந்துவிட்டா. மற்றச் சோடிகள் எல்லாம் போய்விட்டன. "நீ போ, உன்ட அம்மா பாத்துக்கொண்டு நிக்கிறா. என்ட வாப்பா வருவார்" என்று நீதான் என்னைத் தள்ளினாய். நான் அசையவில்லை. போக ஏலாது, சட்டம் அப்படி. பொழுதுபட, அம்மா எங்கள் இரண்டு பேரின் கையையும் பிடித்துக்கொண்டு உன் வீட்டுக்கு நடந்தா. ஒவ்வொரு சைக்கிள் மணிக்கும் நீ திரும்பினாய். உங்கள் வீட்டடியில் சனம் கூடி நின்றது.

நேற்று ஷிபானா கோல் எடுத்தாள். அவருக்கு என்ன நடந்தது என்று கேட்பாள் என்று பயந்துகொண்டுதான் எடுத்தேன். அவள் கேட்டது வேறு.

"உம்மா அவரை நினைப்பாவா அன்ரி?"

அடுப்பில் சோறு கொதிக்குது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

நீ மறைத்ததை நான் சொல்வது சரியா, பிழையா? உன்னைக் கேட்காமல் ஒன்றையும் செய்து எனக்குப் பழக்கமில்லை. இருந்தாலும் முடிவெடுத்துவிட்டேன், கோபிக்காதே. உன்னைத் தூக்கிச் சைக்கிள் பாரில் இருத்தின அந்த மனிதரை, நானும் வாய் மூடி இல்லாமல் ஆக்க விருப்பமில்லை.

வருகிற வெள்ளிக்கிழமை உங்கள் கிண்ணியா வீட்டுக்குப் போய், பிள்ளையை முன்னால் இருத்திச் சொல்வேன். உன் நிக்காஹ் அன்று நீ வாசலைப் பார்த்ததைச் சொல்வேன். ஷிபானா பிறந்து நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ஆட்களை உள்ளே விடுகிற நேரம் நீ கதவைப் பார்த்ததைச் சொல்வேன். உன் மாப்பிள்ளை வந்து, பிள்ளையைக் கையில் வாங்கின பிறகும் நீ பார்த்துக்கொண்டிருந்தாய். ஆரை என்று நான் ஒரு நாளும் கேட்கவில்லை.

உன் சோடி,
உன் பிள்ளைக்கு அன்ரி,
கௌரி